சௌந்தர்யாவின் சின்ன கேபினெட்

எங்கள் வீட்டு மேசை சின்னது, மேடம். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பூரில் ஒற்றை அறை வாடகை வீடு. கட்டிலும் பீரோவும் போக மிஞ்சிய மூலையில்தான் அந்த மேசை கிடக்கிறது. அதன்மேல் ஆளுயரக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்தால் என் மனைவி சௌந்தர்யா கையை எங்கே வைப்பாள்? அதனால் சின்ன கேபினெட்டாகப் பார்த்தேன். வேலூர் மகளிர் ஸ்டேஷன் வரைக்கும் கூப்பிட்டு விசாரிக்க இதில் ஒன்றுமே இல்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நான் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பதினான்கு வருடமாகிறது. அவள் அதே கம்பெனியில் பேட்டர்ன் வரையும் பிரிவில் இருந்தாள். கெட்டிக்காரி, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் ஒரு டிசைன் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே ஆறு நாளில் மூன்று ஷூக்களைக் கம்ப்யூட்டரில் முழுசாக வடிவமைத்து அனுப்ப வேண்டும், தேறினால் வேலை. இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பிவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

சேதி பரவிய அன்றைக்கே கேன்டீனில் முனிரத்தினம், "இன்னா கௌதம், நீயும் மெட்ராஸ் போய்ட்டு அவங்களுக்குச் சோறாக்கப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது, மறைப்பானேன். ஆனால் அதற்கும் கேபினெட்டுக்கும் சம்பந்தமில்லை.

கம்ப்யூட்டர் விற்கும் உசாமா கடையில் அவள் உயரமான, முன்பக்கம் முழுக்க வலை போட்ட பெட்டிமேல் கை வைத்தாள். நான் சின்னதைக் காட்டினேன். உசாமா தலையைச் சொறிந்தான். "அண்ணே, சின்னதுல சூடு ஜாஸ்தி. அக்கா பண்ற வேலைக்குப் பெருசுதான் நல்லது. இதான் வேணும்னா வாங்கிக்கோங்க, ஆனா மேலயும் சைடுலயும் இருக்கிற காத்து ஓட்டைய மட்டும் அடைச்சிடாதீங்க."

சௌந்தர்யா என்னைப் பார்த்தாள். "நம்ம மேசைக்கு இது போதும்மா" என்றேன். சரி என்றுவிட்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் அதுதான்.

எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் தோல் வெட்டுத் துண்டில் ஒரு உறை தைத்துவிடுவோம். போனுக்கு, பைக் சீட்டுக்கு, பைபிளுக்கு. நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்த கேபினெட்டுக்கு ஒன்று தைத்தேன். நல்ல பழுப்பு ஆட்டுத்தோல். ஷூவின் மேல்தோலில் போடுவதுபோல வரிசையாக ஓட்டைகள். மாட்டிவிட்டபோது, "ஏங்க, எனக்காகவா தெச்சீங்க?" என்று அழுதுவிட்டாள். கல்யாணமான இந்த ஏழு வருடத்தில் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

டெஸ்ட்டின் இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் தானாக நின்றது. மூன்றாம் நாள் நான்கு முறை. பெரிய வேலை கொடுக்கும்போதெல்லாம் அணைந்துபோனது. செய்ததும் சேர்ந்து போனது. "ஏங்க, மறுபடி ஆஃப் ஆய்டுச்சி. உசாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன், திரும்பி வந்தேன். "மெஷின்ல ஒன்னும் கோளாறு இல்லியாம். உனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்றான்" என்றேன். உசாமாவை நான் பார்க்கவில்லை. பாவம், பிசியாக இருந்திருப்பான்.

ஆறாம் நாள் ஒன்றரை ஷூதான் அனுப்பினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு அவ்ளோதாங்க மூளை" என்றாள். ரசம் சாதம் பிசைந்து ஊட்டியது யார்? நான்தான். அதை யாரும் எழுத மாட்டார்கள்.

அவளுடைய பழைய இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நான்தான் மேனேஜரிடம் பேசி என் லைனிலேயே பேஸ்டிங்கில், பசை தடவி ஒட்டும் வேலையில், உட்காரவைத்தேன். மூன்றாவது சீட்.

போன மாதம் அவள் தங்கை ஜாஸ்மின் அந்தக் கம்ப்யூட்டரை உசாமாவிடம் கொண்டுபோனாள். அவன் உறையைக் கழற்றித் திருப்பிப் பார்த்திருக்கிறான். உள்ளே ரெக்சின் லைனிங். அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. லைனிங்கை ஒட்டிய பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஓட்டை போடுவதுதான் முறை. மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். பதினான்கு வருடம் லைன் பார்த்தவனுக்கு அது மறக்குமா, மேடம்? முதலில் தோலில் மட்டும் ஓட்டை போட்டேன், அப்புறம் லைனிங்கை ஒட்டினேன். காற்று ஓட்டைகளை டேப் வைத்து அளந்து, அவற்றின்மேல் லைனிங் சரியாக உட்காரும்படிதான் தைத்தேன். அவளை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஒரு உறை தைத்துக் கொடுத்தேன்.

உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன்னால் ஜாஸ்மின் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாளாம். "அவரு தெரியாம பண்ணிருப்பாருடி" என்றுதான் சொன்னாளாம் சௌந்தர்யா. அப்படிப்பட்டவள் அவள். இப்போது ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே பஸ்ஸில் வருகிறோம். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். மெட்ராஸ் பேச்சே வீட்டில் இல்லை.

அவள் நிம்மதியாக இருக்கிறாளா என்று கேட்கிறீர்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டு அவளையே கேளுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், மேடம். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குச் சரியாகப் பேச வரும்.