பெரிய வியாழனன்று பன்னிரண்டு நாற்காலிகள்

கிறிஸ்து அரசர் பெருவிழாவின் தலைவர், நம் பங்குத்தந்தை அவர்களே! உழவர்கரையின் நான்கு தெருவிலிருந்தும் நடந்து வந்து நாற்காலி தேடி அமர்ந்திருக்கும் பெரியவர்களே! எங்களைப் பெற்றதோடு விடாமல் பொறுத்துக்கொண்டும் இருக்கும் தாய்மார்களே! சமோசா வரும் வழியையே பார்த்திருக்கும் செல்வங்களே! அனைவருக்கும் ராஜாங்கம் என்கிற அடியேனின் பணிவான வணக்கம்.

பணிவு என்றதும் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சற்று முன் பூத்துண்டு விரித்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்ததையும், "அண்ணே, அது சாமியாருக்குப் போட்டது" என்று தம்பி ஒருவர் என்னை எழுப்பியதையும் ஊரே பார்த்தது. பணிவைப் பற்றிப் பேச வந்தவனின் இலட்சணம் இது!

பத்தாவது தாண்டாத நான் இறையியல் பேசமாட்டேன். ஆனால் கேட்கிறேன். எந்த அரசன் மாட்டுக் கொட்டிலில் பிறந்தான்? எந்த அரசன் இரவல் கழுதையில் ஊர்வலம் வந்தான்? எந்த அரசன் முடிக்குப் பதில் முள்ளைத் தந்தபோதும் முகம் திருப்பாமல் நின்றான்? எந்த அரசன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும் கழுவினான்? அந்த அரசருக்குப் பிரஜை என்று மார்தட்டும் நான் என்ன செய்தேன் தெரியுமா?

கடந்த பெரிய வியாழன். சாமியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கும் வேலை, பங்குப் பேரவைச் செயலாளரான எனக்கு. முதலில் யார் பெயரை எழுதினேன்? ஆமாம் தாயே, சரியாகச் சொன்னீர்கள், என் பெயரைத்தான்! சேர்க்கச் சொல்லிச் சாமியார் கொடுத்த பெயர் ஒன்று உண்டு, கொளஞ்சி. நம் தெரு வாய்க்காலில் இறங்கி அடைப்பு எடுக்கிறாரே, அவர்தான். அதற்கென்று புது வேட்டியே வாங்கிவிட்டார். நான் அவரை ஓரமாக அழைத்தேன்.

"கொளஞ்சி, கால்ல இவ்ளோ பித்தவெடிப்பு இருக்குதே. எல்லாரும் போட்டோ எடுப்பாங்கப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். "ஆமாண்ணே, அசிங்கமாத்தான் இருக்குது. நான் தண்ணி எடுத்தாந்து குடுக்கறேன்."

பன்னிரண்டு பேரும் என்ன செய்தோம்? கோவிலில் கழுவப்போகிற காலை வீட்டிலேயே மூன்று முறை கழுவிக்கொண்டு வந்தோம்! நான் குதிகாலைக் கல்லில் தேய்த்து, க்ரீம் தடவி, மேலே பவுடரும் போட்டேன். ஏன்? வெடிப்பு எனக்கும் உண்டு ஐயா! விளக்கு நன்றாக விழும் என்று கடைசி நாற்காலியையும் பிடித்துக்கொண்டேன்.

ஆறு பேர் முடிந்தது. மூட்டு வலியில் சாமியாரால் குனிய முடியவில்லை. "யாராவது ஒருத்தர் வந்து மண்டி போடுங்கப்பா" என்றார். பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றாவது அசைந்ததா? அசையவில்லை! குடத்தைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டவர் கொளஞ்சி.

என்னிடம் வந்தார். தண்ணீர் பட்டதும் பவுடர் வெள்ளையாக ஓடியது. "என்னண்ணே, கைக்கொழந்த மாரி பவுடரு!" என்று சிரித்தார். அடியில் இருந்த வெடிப்பு தெரிந்தது. சிரிப்பை நிறுத்தினார். துண்டை என் கால்மேல் போர்த்தி, எந்த போனிலும் விழாதபடி மறைத்து, வலிக்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

வீட்டில் மகள் சுடர்விழியிடம், "போட்டோ எங்கம்மா?" என்றேன்.

"எடுக்கலப்பா. அவரு மண்டி போட்டுக்கினு இருக்காரு, நீ கால நீட்டிக்கினு உக்காந்திருக்க. எடுக்க வெக்கமா இருந்துச்சு."

அன்று நான் அரசரைப் பார்த்தேன் பெரியோர்களே! முடி இல்லை, முரசு இல்லை, முன்னே கட்டியம் கூறுவார் இல்லை. ஈரத் துண்டு இருந்தது. என் அவமானத்தை மூடிய கை இருந்தது!

போன வாரம், வரும் ஆண்டுப் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "வேணாண்ணே. நானும் கல்லு போட்டுத் தேச்சிப் பாக்கறேன். கால் சரியாவல" என்றார்.

ஏழு மாதமாகத் தேய்க்கிறார் ஐயா! என் பேச்சை நம்பித் தேய்க்கிறார்! பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அதோ, இப்போதும் தண்ணீர் டிரம் பக்கத்தில் நிற்கிறார்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. அரசருக்கே மகிமை. வணக்கம்.

மணி அடிக்காதீர்கள் சாமி, இன்னும் ஒன்று. கொளஞ்சி, உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வாய்க்காலில் இறங்குகிறவர். அதனால் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அன்று நான் வாய்விட்டுச் சொல்லாதது அதுதான்.