இடப்பக்கத்து விளக்கு

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, என்னோடு துருவையும் தூசியையும் தின்ற பட்டறைத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பின்னால் திரை மூடி நிற்பது என்ன? விமானம் என்பீர்கள். எந்த விமானம்? பழைய விமானங்களை அடையாளம் காண்பதே என் பிழைப்பு, நானே ஏமாந்தேன்.

போர்க்காலத்தில் கடலைக் காவல் காத்தவள் இவள். காவல் முடிந்தது, விற்றார்கள். வாங்கியவர் வயிற்றில் தண்ணீர்த் தொட்டி வைத்தார், காட்டுத்தீ அணைக்க அனுப்பினார். மூக்கை வெட்டினார், முகத்தை மாற்றினார், கண்காணிப்பவர் அமர்ந்த சன்னலைத் தகடு வைத்து அடைத்தார். ஆளே அடையாளம் தெரியாமல் போனாள் மகராசி.

இதோ, முதல் வரிசையில் இருக்கும் அம்மா சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். இவர் கணவர் அத்தகைய சன்னலோரம் அமர்ந்து கடலைக் கண்காணித்தவர். ஒருநாள் தம் விமானம் பழுதுபார்க்க நின்றதால் வேறொன்றில் ஏறிப் போனார், திரும்பவில்லை. கடல் ஒரு பொத்தானைக்கூடத் திருப்பித் தரவில்லை. அவர் கைபட்டது ஏதாவது மிஞ்சியதா என்று தேடி வந்த அம்மா, வாலில் இருந்த எண்ணைப் பார்த்தார். "இது அவரோடது இல்லப்பா" என்றார். நாங்களும் அந்த எண்ணையே நம்பினோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "அவருக்கு இடதுகைப் பழக்கம். கையால திருப்புற சன்னல் விளக்கைக் கழட்டி இடப்பக்கம் மாட்டிக்கிட்டாரு. அதுக்கு மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

பிறகுதான் தொட்டியைக் கழற்றினோம், தகட்டைப் பிரித்தோம். சன்னலின் வலப்பக்கம் தொழிற்சாலை போட்ட துளைகள் வெறுமையாக இருந்தன. இடப்பக்கம் கையால் போட்ட கோணல் துளைகள். அவற்றில் அந்த விளக்கு. இந்த வகையில் மிஞ்சியிருக்கும் விமானங்களையெல்லாம் போய்ப் பார்த்தோம், வேறெதிலும் அப்படியில்லை. அவருடைய விமானம் இதுதான், அவையோரே.

பின்வரிசையில் ஒருவர், "அப்ப வாலு யாருது?" என்கிறார். நல்ல கேள்வி ஐயா. தீயணைக்கப் போன இடத்தில் வால் முறிந்தது. இதே வகையில் இன்னொன்றின் வாலைக் கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். வாலை நம்பி உடலை மறுத்தோம் நாங்கள்.

அந்த எண்ணை அழித்துவிடலாமே என்றார் தலைவர். வேண்டாம் ஐயா. அந்த வாலைத் தேடியும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய் இருக்கலாம், ஒரு மனைவி இருக்கலாம். வாலில் அதன் எண் இருக்கட்டும். உடலில் இதன் எண்ணை எழுதியிருக்கிறோம்.

செய்தி சொன்னபோது அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த விளக்கு எரியுமாப்பா?"

மேடைக்கு வாருங்கள், அம்மா. திரையை விலக்க வேண்டியவர் நீங்கள்தான். சன்னலோரம் இருக்கை போட்டிருக்கிறோம். விளக்கை வலப்பக்கம் மாற்றவில்லை. அது எரிகிறது.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி. அம்மா போய் அமரும்வரை கைதட்ட வேண்டாம். எழுந்து நின்றால் போதும். வணக்கம்.