முப்பத்தஞ்சு டிகிரி

எல்லாரும் சாப்பிட்டாச்சுல்ல? அப்பதான் சொல்ல முடியும். பேய்னா ராத்திரிதான் வரும்னு இல்லை. இது பகல் மூணு மணி... ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. லாரியை ஓரங்கட்டிட்டு இறங்கின டிரைவர் அப்படியே சரிஞ்சு விழுந்துட்டார். இதயம் நின்னு போச்சு. கூட வந்த கிளீனர் போன் பண்ணி வரவழைச்ச ஆம்புலன்ஸ்காரங்க நெஞ்சை அமுக்கி அமுக்கி, இருபது நிமிஷம் கழிச்சுத் துடிக்க வச்சாங்க.

நம்ம எலக்ட்ரீஷியனோட அண்ணி ஐசியூல நர்ஸ். அவங்ககிட்டதான் டிரைவரை ஒப்படைச்சாங்க. நின்ன இதயம் திரும்ப ஓடினா, மூளை கெட்டுப் போகாம இருக்க உடம்பை ஒரு நாள் முழுக்கக் குளிர வைப்பாங்களாம். நெஞ்சுலயும் தொடையிலயும் ஜில்லுன்னு தண்ணி ஓடுற பட்டை. முப்பத்து மூணு டிகிரி. அப்புறம் மணிக்குக் கால் டிகிரியா மெல்ல சூடேத்தணும்.

குளிர்ல இருந்த வரைக்கும் ஒண்ணுமில்லை. முப்பத்து நாலு ஆச்சு... லேசா ஒரு வாடை. கரண்ட் போன ஃப்ரிட்ஜ்ல மறந்து விட்ட கறி மாதிரி. அண்ணி அவர் வாயைத் துடைச்சாங்க, விரிப்பை மாத்தினாங்க, புரட்டி முதுகைப் பார்த்தாங்க. புண்ணு எதுவும் இல்லை.

முப்பத்தஞ்சு. பட்டைக்கு அடியில மஞ்சளா, கொழகொழன்னு ஏதோ கசிஞ்சுது. துடைக்கத் துடைக்க வந்துட்டே இருந்தது. கையுறையைத் தாண்டி எப்படியோ நகக்கண்ணுல ஏறிடுச்சு. பட்டையை மெதுவா உரிச்சாங்க... சளக்... உள்பக்கம் முழுக்க நீள நீளமா தலைமுடி. டிரைவருக்கோ வழுக்கை. இழுத்தா, முடியோட சேர்ந்து வெதுவெதுன்னு யாரோடதோ தோலும் வந்துச்சு.

அண்ணி கையுறையைக் கழட்டி வீசிட்டு, மறுபடி குளிர வச்சிடலாமான்னு மெஷின் வரைக்கும் கையைக் கொண்டு போனாங்க. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவரோட பொண்டாட்டி, நெத்தியை அதுல அழுத்தி நின்னுட்டிருந்தா. கையை எடுத்துட்டாங்க.

முப்பத்தேழு. வாடை சுத்தமா நின்னுடுச்சு.

மறுநாள் டிரைவர் கண் முழிச்சார். தொண்டைக் குழாயை எடுத்ததும் பொண்டாட்டியைக் கேக்கலை. "அந்தம்மா எங்க?"ன்னார்.

எந்தம்மான்னு கேட்டாங்க அண்ணி.

"என் மேல படுத்திருந்தவங்க. ஜில்லுன்னு இருந்த வரைக்கும் அசையாம கிடந்தாங்க. சூடானதும் எழுந்து... உங்க பின்னாடிதான போனாங்க?"

அதுலேருந்து அண்ணி படுக்குற ரூம்ல எந்நேரமும் ஏசி. பதினாறுல. அண்ணன் ரெண்டு போர்வைக்குள்ள நடுங்குவார். போன வாரம் ஏசி கெட்டுப் போச்சு. விடிகாலைல அவருக்கு முழிப்பு. அண்ணி சுவரோரமா தூங்குறாங்க. இவர் கட்டில் விளிம்புல. நடுவுல மெத்தை பிசுபிசுன்னு... ஆள் நீளத்துக்குப் பள்ளமா.

கையை வச்சுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறலை.