வந்திட்டுப் போறன்

தம்பி, தம்பி, ஒருக்கா நில்லுங்கோ. கியூ எங்கயும் ஓடிப் போகாது. உள்ளுக்க எனக்கு முன் கதிரையில இருந்து சிரிச்சது நீங்கள்தானே? ஓம், கடைசியில அந்தப் பிரெஞ்சுப் பிள்ளை தமிழில வந்திட்டுப் போறன் எண்டு சொல்லேக்க. சிரிச்சது பிழையில்லை, தமிழாக்கள் முழுப்பேரும்தான் சிரிச்சது. ஆனா பிறகு பக்கத்தில இருந்தவருக்குச் சொன்னியள், புத்தகத்தில கையெழுத்து வாங்கேக்க அதைத் திருத்திச் சொல்லிக் குடுக்கப் போறன் எண்டு. தலைதான் நரைச்சது, எனக்குக் காது நல்லாக் கேக்கும். அந்தத் திருத்தத்தை அவவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. அதைக் கேக்கத்தான் உங்களுக்குப் பின்னால வந்து நிக்கிறன்.

சீச்சீ, நான் அவவின்ர ஆள் இல்லை. கூட்டம் வைச்ச ஆக்களும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில இருந்து பஸ்ஸில வந்தனான், பேர் டொலறஸ். நீங்கள் இந்தியாவோ? ஆமாவோ, சரி. உங்களுக்குப் போயிட்டு வரேன், எங்களுக்குப் போட்டு வாறன். ரெண்டும் ஒண்டுதான். வெளிக்கிடேக்க வெறுமனே போறன் எண்டு சொல்லக்கூடாது, வாறன் எண்டு முடிக்கோணும். உந்தப் பிள்ளை அதைத் தலைகீழாக்கி, வாறதை முன்னுக்கு வைச்சுப் போறதில முடிக்குது. பிழைதான். பிழை எண்டு எனக்கும் தெரியும் தம்பி.

அவவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் எண்டோ? நல்ல கேள்வி! சொலேன் மார்வியே எண்டால் எல்லாம் தெரியும். பாரிசுக்கு வெளியில, பொபினியில, ஒரு மாடி வீட்டில வளந்த பிள்ளை. முதல் எழுதினது நாவல். தான் வளந்த கட்டிடத்தில லிஃப்ற் பழுதாகி ஒரு வருசமா ஆரும் திருத்தாமல் கிடந்த கதை. ஒருத்தரும் கவனிக்கேல்லை, நான் ரெண்டு வாங்கினனான். பிறகுதான் எங்கட ஆக்களின்ர கதையளைப் பிரெஞ்சுக்கு மாத்தத் துவங்கினவ. மன்னார்ப் பெண் ஒராளின்ர நாவலை மாத்தினதுக்குப் பரிசு கிடைச்சுது. அதோட பிடிச்சுது பாருங்கோ, ரேடியோ என்ன, ரீவி என்ன! இப்ப அவவின்ர சொந்த நாவல் இங்கிலீசிலயும் வந்திட்டுது. அதுக்குத்தானே இண்டைக்கு லண்டனுக்கு, இந்த ஸ்ட்ரெதம் வரைக்கும் வந்திருக்கிறா.

ஓம், பிரெஞ்சு வாசிப்பன். நாங்கள் முந்தி அங்கதானே இருந்தனாங்கள். ஆனா உண்மையைச் சொன்னால் நான் புத்தகத்துக்காக வாறேல்லை. அவ தமிழ் கதைக்கிறதைக் கேக்கத்தான் வாறனான். பூசைக்குப் போகாட்டியும் உந்தக் கூட்டங்களுக்குப் போயிடுவன் எண்டு எங்கட சேர்ச் சுவாமியாரே என்னைப் பகிடி பண்ணுறவர்.

முந்தி அவவின்ர தமிழில கனக்கப் பிழை இருந்தது. அங்க பிறந்த எங்கட பிள்ளையள் விடுற பிழையள். பசிக்குது எண்டு வராது, பசி வைச்சிருக்கிறன் எண்டுவா. பிரெஞ்சில அப்பிடித்தான் சொல்றது. ஒராளைக் காணாமல் இருக்கேலாமக் கிடக்கு எண்டு சொல்ற இடத்தில, நீங்கள் எனக்குக் குறையிறியள் எண்டுவா. அதுவும் பிரெஞ்சுதான். செவன் கிங்ஸ் கூட்டத்தில அப்பிடித்தான் சொன்னவ, லண்டன் ஆக்கள் எனக்குக் குறையிறியள் எண்டு. எனக்கு அப்பிடியே உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அதுக்குள்ள எங்கட ஆக்களில ஒராள், கிருஷ்ணராசா மாஸ்டர், எழும்பினார், பிள்ளை, தமிழில அப்பிடிச் சொல்றேல்லை எண்டு. அவ கும்பிட்டு நன்றி சொன்னா. நல்ல குணம், சொன்னால் உடன திருத்திப் போடுவா. அதுக்குப் பிறகு எத்தினை கூட்டத்துக்குப் போனன், அந்தச் சொல் அவவின்ர வாயில வரவே இல்லை.

பசி வைச்சிருந்ததையும் ஆரோ திருத்திப் போட்டினம். புத்தகத்துக்குப் புத்தகம் தமிழ் நல்லாகுது, சனம் கை தட்டுது. நான் மட்டும் தட்டுறேல்லை. உந்த வந்திட்டுப் போறன் ஒண்டுதான் தம்பி மிச்சம்.

விசர் மனிசி எண்டு நினைக்கிறியள், என்ன? பரவாயில்லை, நினையுங்கோ.

மொழிபெயர்க்கிற ஆளுக்கு இது கூடத் தெரியாதோ எண்டு கேக்கிறியள். நானும் உதைத்தான் யோசிச்சு யோசிச்சு நித்திரையில்லாமல் கிடக்கிறனான். கதையளில ஆக்கள் போட்டு வாறன் எண்டு வெளிக்கிடுற இடமெல்லாம் சரியாத்தான் மாத்தியிருக்கிறா, நான் தேடித் தேடிப் பாத்தனான். அப்ப, தெரிஞ்சுதான் சொல்றாவோ? இல்லாட்டிச் சின்னனில நாக்கில ஏறினது இறங்காமல் கிடக்குதோ? கேக்கப் பயம். தெரியாமல் சொல்றா எண்டால் நான் கேட்ட அண்டோட அது போயிடும். தெரிஞ்சு சொல்றா எண்டால், அந்த மேசைக்கு முன்னால ரெண்டு பேரும் நிண்டு குளறி அழுவம். அதுதான் ஒவ்வொரு முறையும் கியூவில நிப்பன், மேசை கிட்ட வர விலத்திப் போடுவன்.

சீ, யூனிவேர்சிற்றியில உப்பிடிப் படிப்பிக்க மாட்டினம். அங்க போனது பிறகு. முதல் பழகினது பொபினியில, எங்கட மாடிப் படியில. ஓம், எங்கட வீட்டுக்கு மேல் வீடு அவையின்ரதான். தாய் ஆசுப்பத்திரியில இரவு வேலை, அப்ப இது எங்கட வீட்டிலதான் கிடக்கும். புட்டுக்குச் சீனி போட்டுத் தா தா எண்டு தின்னும். என்ர மகள் அஜித்தாவும் அதுவும் ஒரே வகுப்பு. அஜித்தாதான் படியில இருத்தி வைச்சுத் தமிழ் படிப்பிச்சவள். அவளுக்கே அரைகுறைத் தமிழ், அதுக்குள்ள ரீச்சர் வேலை! பசி வைச்சிருக்கிறதும் குறையிறதும் அவளின்ர தமிழ்தான்.

அஜித்தாவுக்குப் பிள்ளையளோ? இல்லைத் தம்பி, அவளுக்குப் பதினாறு. பதினாறோட நிண்டுட்டுது. பள்ளிக்கூடம் போற வழியில ஒரு வான் வந்து அடிச்சுப் போட்டுது. சொலேனுக்கு அண்டைக்குக் காய்ச்சல், அவ போகேல்லை. எங்களுக்குப் பிறகு அந்த ஊரில இருக்கேலாமப் போச்சு, இங்கால வந்திட்டம். அவவுக்கு இப்ப என்னை அடையாளம் தெரியாது.

அண்டைக்குக் காலமை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில நிண்டு, அம்மா வந்திட்டுப் போறன் எண்டாள். ஒவ்வொரு நாளும் உதேதான். தலைகீழாச் சொல்றாய் விசரி, போட்டு வாறன் எண்டு சொல்லடி எண்டு அண்டைக்கும் கத்தினனான். அவளுக்கு அது பகிடி. படியால இறங்க இறங்க, வேணுமெண்டே ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு திரும்பவும் திரும்பவும் அதையே சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போனாள். கீழ்மாடி வரைக்கும் கேட்டுது.

போறன் எண்டதில ஒரு இழுவை இழுப்பாள். அதே இழுவை சொலேனின்ர வாயில அப்பிடியே கிடக்கு. கண்ணை மூடினன் எண்டால் என்ர பிள்ளை படியில நிக்கிறாள் தம்பி.

ஐயோ, நீங்கள் ஏன் அழுறியள்? சிரியுங்கோ, ஆக்கள் சிரிச்சால் அவளுக்கு விருப்பம். அந்தா, உங்கட முறை வந்திட்டுது, போங்கோ. சொல்றதும் விடுறதும் உங்கட விருப்பம். நான் வெளியில கதவடியில நிப்பன். அவ காரில ஏறேக்க, கூட்டம் வைச்ச பொடியளுக்கு இன்னொருக்காத் தமிழில சொல்லிப்போட்டுத்தான் போவா. நீங்கள் சொன்னியளோ, விட்டியளோ எண்டு எனக்கு அப்ப தெரியும்.