மாப்பிள்ளையின் குறட்டை

தூக்கம் கெட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, ஐயா. மற்றபடி நான் யார் வம்புக்கும் போகிறவன் இல்லை. வாயில்லாப் பூச்சி என்றுதான் ஆலையில் என்னைச் சொல்வார்கள்.

கார்க் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் எனக்குப் பதினோரு வருட வேலை. பழைய இயந்திரம். எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும், ஆளுக்கு இரண்டு பொத்தான். நாலு கையும் நாலு பொத்தானில் இருந்தால்தான் மேல் அச்சு இறங்கும். யார் கையும் உள்ளே மாட்டிவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. என் எதிரே நின்றவர் என் தங்கையின் வீட்டுக்காரர். அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

என் மனைவி, "உங்களோட ஒரு நாளாவது நிம்மதியா தூங்கியிருக்கேனா?" என்று கேட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு தங்கைதான் என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, பகலெல்லாம் மாப்பிள்ளையும் நானும் ஒரே அறையில் இரண்டு கட்டிலில் தூங்குவோம்.

அங்கேதான் வந்தது வினை. கண் அயர்ந்து பத்து நிமிடம் ஆகாது, மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் என்னைத் தூக்கிப் போடும். தொண்டை வறண்டு, நெஞ்சு படபடக்க எழுந்தால் மாப்பிள்ளை என் தலைமாட்டில் நிற்பார். கை என் தோளில் இருக்கும்.

"ஒண்ணுமில்ல மச்சான், ஒருக்களிச்சுப் படுங்க."

குறட்டையும் விட்டுவிட்டு, நான் முழித்தேனா என்று வந்து பார்க்கவும் செய்கிற அழுத்தத்தைப் பாருங்கள்.

தலைவலி தாங்காமல் ஆலை டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. என் கழுத்தை நாடாவால் அளந்து பார்த்தார்.

"நீங்க குறட்டை விடுவீங்களா?"

"நானா? என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் விடறாரு. என் உயிரை வாங்கறாரு."

பொறுமையாக விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதை குறுகுமாம். அந்தச் சந்தில் காற்று போகும்போது சதை அதிர்வதுதான் குறட்டை. சிலருக்குப் பாதை அடைத்தே போய் மூச்சு நிற்கும். ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறி ஆளை உலுக்கி எழுப்பும். எழுந்ததும் தலைவலி, வறண்ட வாய், காரணமில்லாத கோபம். விட்டுவைத்தால் இருதயம் கெடும். அத்தனையும் எனக்கு இருந்தது. அவர் குறட்டையால் எனக்கு வந்துவிட்டது. டாக்டரோ என்னைத் தூங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் திரும்பப் போகவில்லை.

ஒரு மத்தியானம் சத்தம் கேட்டு எழுந்தபோது மாப்பிள்ளை தன் கட்டிலில் வாயை மூடிக்கொண்டு கிடந்தார். என்ன நடிப்பு. இரும்புப் பிளாஸ்க்கை எடுத்து அவர் மூக்கில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் சின்னதுதான், சுள்ளி ஒடிகிற மாதிரி. தலையணை முழுக்க ரத்தம். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத் தங்கையிடம் சொன்னார். நல்ல மனுஷன், அதை நான் மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் படுப்பதே இல்லை. என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்.

அன்றைக்கு ஷிப்ட் முடியும் நேரம், கூரைக் கண்ணாடியில் வெயில் வந்துவிட்டது. தகடு அச்சில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் கையால் பிடுங்க வேண்டும். இப்படி ஆனால் நாங்கள் எல்லோரும் செய்கிற வழக்கம்தான். மாப்பிள்ளை தன் பொத்தான் இரண்டிலும் மரக்கட்டையைச் செருகி இறுக்கினார்.

"நான் எடுத்துட்டு சரின்னு சொல்றேன் மச்சான், அப்புறம் அழுத்துங்க."

உள்ளே குனிந்தவர் நிமிரவில்லை. கன்னத்தைக் கீழ் அச்சில் வைத்தபடி அப்படியே தூங்கிப்போனார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. என் தூக்கத்தையெல்லாம் தின்றுவிட்டு இந்த மனுஷன் எவ்வளவு சுகமாகத் தூங்குகிறார் என்று வயிறு எரிந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். தோள் வரைக்கும் தட்டையாகிவிட்டது. கால் மட்டும் கொஞ்ச நேரம் தரையை உதைத்தது. அச்சு மேலே ஏறியதும் இன்னொரு தரம் அழுத்தினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

விபத்து என்றுதான் முதலில் எழுதினார்கள். நான்தான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வந்தேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நேற்று தங்கை பார்க்க வந்தாள். அழக்கூட இல்லை.

"அண்ணே, குறட்டை விட்டது நீங்க. வேலைக்குப் போகாத ஞாயித்துக்கிழமைல நானே கேட்டிருக்கேன். உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு போகுதுன்னு பயந்துபோய்த்தான் அவரு தூங்காம உக்காந்திருந்தாரு."

பாவம், துக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள்.

உங்களிடம் ஒரே ஒரு குறைதான் சொல்ல வேண்டும். இங்கே என்னை அடைத்த நாளாக மத்தியானம் கண் அயர்ந்தால் அதே சத்தம் எழுப்பிவிடுகிறது. அறையில் நான் ஒருத்தன்தான். இரண்டு பக்கத்து அறையும் காலி என்று காவலர் சாதிக்கிறார், யாரையோ காப்பாற்றுகிறார் போலிருக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஐயா. அது யார் என்று மட்டும் சொல்லுங்கள்.