மறு பாதி

— ஆடாம இருங்க, மேஸ்திரி. கண்ணத் திறந்தாத்தான் சொட்டு விட முடியும்.

— திறந்துதான் இருக்கேன்.

— இது திறந்திருக்கறதா? ரெண்டும் தக்காளி மாதிரி வீங்கிக் கெடக்கு. விரல எடுங்க. ம்... ஒண்ணு. இன்னும் ஒண்ணு.

— ஐயோ, எரியுது! கண்ணுக்குள்ள யாரோ மணல அள்ளிப் போட்டுத் தேய்க்கற மாதிரி இருக்கு.

— ஈரத்துணியப் போட்டுக்கிட்டு அப்படியே படுங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு டாக்டர் சொன்னாரு. வெளிச்சம் படக்கூடாதாம், ஜன்னல மூடிடறேன். பதினெட்டு வருஷம் வெல்டிங் அடிச்ச மனுசனுக்குக் கண்ணுல ஆர்க் வெளிச்சம் அடிச்சிருச்சாம்! கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?

— சிரிக்கட்டும். இன்னிக்குப் புதுசாவா சிரிக்கறாங்க? போன மாசம் என் டெஸ்ட் பைப்பு தேறாமப் போனதுலருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. கேன்டீன்காரன் என் பேரையே மாத்திட்டான். "மேடம் வீட்டுக்காரருக்கு ஒரு டீ"ன்னு கத்தறான்.

— டீ குடுத்தான்ல?

— குடுத்தான். சக்கரை போடாம.

— ஹஹ்ஹா...

— சிரி, நல்லாச் சிரி. அது கெடக்கட்டும். பிலிம் வந்துருச்சா?

— எந்தப் பிலிம்?

— நடிக்காத, மகராசி. நேத்து டெஸ்ட்ல நீ ஒட்டுன பைப்போட எக்ஸ்ரே பிலிம். அதப் பாக்கத்தான காலையில அந்த ஓட்டம் ஓடுன? புருஷன் குருடனாக் கெடக்கறானேன்னு கூடப் பாக்காம.

— கைய நீட்டுங்க.

— எதுக்கு?

— நீட்டுங்கன்னா நீட்டுங்க. இந்தாங்க. என்னன்னு சொல்லுங்க பாப்போம்.

— இரும்பு. சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். நுனியில என்னமோ எண்ணு வெட்டியிருக்கு... இது ஸ்டாம்ப்.

— என்ன நம்பரு?

— முப்பத்திரெண்டு. இல்ல, இரு. அச்சுல எல்லாம் திரும்பித்தான இருக்கும். இருபத்தி மூணு.

— இருபத்தி மூணேதான். இனிமே நான் ஒட்டுற ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்துலயும் சுத்தியலால இந்த நம்பர அடிக்கணும். பாஸ் பண்ணிட்டேன், மேஸ்திரி. பிலிம்ல ஒரு புள்ளி கிடையாது.

— ம்.

— வெறும் "ம்" தானா?

— வேற என்ன, கை தட்டவா? கண்ணு தெரியல. ஒரு கை இன்னொரு கைய எங்கன்னு தேடும்?

— வாய் மட்டும் நல்லா ஓடுது.

— லேடீஸ்னா இந்த இன்ஸ்பெக்டருங்க ஒரு கண்ண மூடிக்குவாங்க. ஊரறிஞ்ச கதை.

— ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுப் படுத்திருக்கறவரு பேசற பேச்சப் பாரு! பைப்ப நாப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு மாட்டியிருக்கான். அத இம்மி அசைக்கக் கூடாது. நாமதான் குனிஞ்சு, மண்டி போட்டு, படுத்துக்கிட்டு சுத்திச் சுத்தி ஒட்டணும். உங்களுக்குத் தெரியாததா? ஒட்டுனது ஆம்பளையா பொம்பளையான்னு எக்ஸ்ரே மெஷின் பாத்துச்சா?

— மெஷின் பாக்காது. அந்த இன்ஸ்பெக்டர் பாப்பான்ல. சும்மாவே இளிக்கறவன். எல்லாம் முடிஞ்சப்புறம் பைப்பக் காட்டி, குனிஞ்சு உன் காதுகிட்ட என்னமோ கேட்டான்ல? என்ன கேட்டான்?

— யாரு?

— அந்த மொட்டைதான்.

— பொறாமையா, மேஸ்திரி?

— பொறாமையா! எனக்கா! அந்த மொட்டையப் பாத்தா!

— அவரப் பாத்து இல்ல. இருபத்தி மூணப் பாத்து.

— இத மொதல்ல என் கையிலருந்து எடு. கனக்குது.

— குடுங்க.

— நேத்துப் பள்ளிக்கூடத்துலருந்து வந்து உன் பொண்ணு என்னக் கேக்கறா. "அப்பா, நீ பெரிய வெல்டரா, அம்மா பெரிய வெல்டரா? ஃபாரத்துல எழுதணும்"ங்கறா. என்ன சொல்லுவேன்? ஆறு வருஷம் என் பக்கத்துல கிரைண்டிங் மெஷினப் புடிச்சுக்கிட்டு நின்னவ நீ. நான் ஒட்டுவேன், நீ தேய்ப்ப.

— ஆமா, தேய்ச்சேன். ஆனா நீங்க ஒட்டுறத ஒரு தடவ பாத்திருப்பேனா? ஆர்க்கப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி வெல்டிங் பூத்தோட திரைய சர்ருன்னு இழுத்து மூடிருவீங்க. "நானும் மாஸ்க் போட்டுக்கிட்டு ஓரமா நின்னு பாக்கறேனே"ன்னு எத்தன தடவ கெஞ்சியிருப்பேன்.

— கண்ணு கெட்டுருமேன்னு அக்கறையில சொன்னேன்.

— அக்கறை! இப்ப யாரு கண்ணு கெட்டுச்சாம்? அப்புறம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ரெண்டு பஸ் மாறிப் போயி, பயிற்சி நிலையத்துல கத்துக்கிட்டு வந்தேன். அதுக்கு என்ன சொன்னீங்க? "பீச்சாங்கைக்காரி வெல்டர் ஆகப் போறாளாம்"னு ஷாப் பூரா சொல்லிச் சிரிச்சீங்க.

— விளையாட்டுக்குச் சொன்னதெல்லாம் இப்ப எதுக்கு?

— சரி, விடுங்க. வியாழக்கெழமை உங்களுக்கு மறு டெஸ்ட்டு. ஞாபகம் இருக்குல்ல?

— மறக்க விடுவாங்களா? அதுலயும் போச்சுன்னா நேரா கிரைண்டிங் செக்‌ஷன்தான்னு கையில காகிதமே குடுத்துட்டாங்க. அப்புறம் என்ன? நீ ஒட்டு, நான் தேய்க்கறேன். இருபத்தி மூணாம் நம்பருக்கு எடுபிடி.

— எங்க போகுது உங்களுக்கு? உங்க பிலிம்ல அடியிலதான புள்ளி இருந்துச்சு?

— அடியிலதான். பைப்ப ரெண்டு பாதியா ஒட்டணும், ரெண்டு பாதியும் அடியிலருந்துதான ஆரம்பம்? பக்கவாட்டுல, மேலன்னா கை தன்னால ஓடுது. அடியில ஆரம்பிக்கறப்ப மட்டும் மணிக்கட்டு நடுங்குது. ரெண்டு பாதியும் அந்த எடத்துலதான் போச்சு.

— ம். ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குக் கண்ணுல ஆர்க் எங்க அடிச்சுது?

— சொன்னேன்ல. பக்கத்து பூத்துல எவனோ திடீர்னு பத்த வச்சுட்டான்.

— நேத்து டெஸ்ட்டுக்காக மத்த பூத்து எல்லாத்துக்கும் கரண்ட்ட நிறுத்தி வச்சிருந்தாங்க. ஷாப்லயே ஒரே ஒரு ஆர்க்தான் எரிஞ்சுது. என்னுது.

— துணி காஞ்சு போச்சு. நனைச்சுக் குடு.

— நனைக்கறேன். இன்ஸ்பெக்டர் குனிஞ்சு கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள அவரும் நானும்தான் இருந்தோம்.

— யாரோ சொன்னாங்க.

— யாரு?

— யாரோ.

— யாரு, மேஸ்திரி?

— சரி, நான்தான்! திரைக்குப் பின்னாடி நின்னேன். போதுமா?

— எதுக்கு நின்னீங்க?

— நீ தோக்கறதப் பாக்க. அடியில ஆரம்பிக்கறப்ப உன் கையும் நடுங்கணும். அத என் கண்ணால பாக்கணும்.

— மாஸ்க் போட்டுக்கிட்டுப் பாத்திருக்கலாமே.

— அந்தக் கருப்புக் கண்ணாடி வழியா நெருப்புதான பளிச்சுன்னு தெரியும்? கை மங்கலாத்தான தெரியும். எனக்கு உன் கையப் பாக்கணும். ஒரே ஒரு செகண்டுன்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீ பீச்சாங்கையில ஆரம்பிச்ச. தண்ணி ஊத்துற மாதிரி போச்சு பாரு, கண்ண எடுக்க முடியல. வயிறு எரிஞ்ச எரிச்சல்ல கண்ணு எரியறது தெரியல.

— இவ்வளவுதானா?

— இன்னும் என்ன?

— ராடு டப்பா.

— என்ன ராடு டப்பா?

— வெல்டிங் ராடு சூடா இல்லன்னா ஈரம் ஏறிரும், ஜாயின்ட்டுக்குள்ள ஓட்டை ஓட்டையா விழும்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. நேத்துக் காலையில எனக்குன்னு வச்சிருந்த, ராடு சூடாக்கற டப்பா ஜில்லுனு இருந்துச்சு. பிளக்க உருவி விட்டிருந்தாங்க.

— உருவிட்டு கேட் வரைக்கும்தான் போனேன். மனசு கேக்கல. மறுபடி மாட்டி விடலாம்னு திரும்பி வந்தேன், அதுக்குள்ள நீ வந்து நிக்கற. என்னன்னு சொல்லிக்கிட்டு மாட்டறது?... நான்தான்னு எப்படிக் கண்டுபுடிச்ச?

— உருவுன ஒயர அழகாச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, ஆணியில மாட்டியிருந்துச்சு. துரோகம் பண்ணும்போது கூட ஒயர ஒழுங்காச் சுருட்டி வைக்கற ஆளு அந்த ஷாப்ல ஒருத்தர்தான்.

— யார்கிட்டயும் சொல்லலையே நீ?

— சொல்லத்தான் கெளம்புனேன். அவ்வளவு கோவம். அப்புறம் போயி பெரிய ஓவன்லருந்து சூடான ராடு எடுத்துக்கிட்டு வந்தேன். முதல் பாதிய முடிச்சுட்டு மாஸ்க்கத் தூக்குனா, திரைக்குக் கீழ ஒரு ஷூ. லேஸுக்குப் பதிலா கம்பி கட்டுன ஷூ.

— ஐயோ. பாத்துட்டியா?

— பாத்தேன். வேர்க்குதுன்னு சொல்லிட்டுத் திரைய இன்னும் ஒரு சாண் தள்ளி விட்டேன். பதினெட்டு வருஷ வெல்டர் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் நிப்பாருன்னு நெனச்சுட்டேன், அது என் தப்பு.

— நான் நிக்கறேன்னு தெரிஞ்சேவா மறு பாதிய ஒட்டுன? அப்ப எனக்கு ஒண்ணு புரியல. ராத்திரி பூரா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. முதல் பாதி பீச்சாங்கையில வெண்ணெய் மாதிரி போச்சு. மறு பாதிக்கு எதுக்கு வலது கைக்கு வந்த? முழங்கைய பைப்புல ஊனிக்கிட்டு, மணிக்கட்ட ஆட்டாம, தோளாலேயே மெதுவா நகத்துன. உனக்கு வராத கை அது, நான் ஒட்டுற கை. அந்தப் பாதி போயிருந்தா இந்த நம்பரும் போயிருக்கும்.

— அதத்தான் இன்ஸ்பெக்டரும் குனிஞ்சு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— அவர்கிட்ட, சும்மாதான் சார்னு சொன்னேன்.

— என்கிட்ட?

— முதல் பாதி நான் பாஸ் ஆகறதுக்கு ஒட்டுனது, மேஸ்திரி. மறு பாதி, வியாழக்கெழமை நீங்க பாஸ் ஆகறதுக்கு.