பின் சீட்டு

அந்தச் சத்தமா அக்கா? ரெண்டு பலகையை ஒண்ணோட ஒண்ணு அடிச்ச மாதிரி, டக் டக்னு? உங்களுக்கும் கேட்டுச்சா? இருட்டுல முதல் தடவை கேட்டப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. குழந்தையை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க வண்டியிலேர்ந்துதான் வருது. டிரைவர்தான். பறவை விரட்டுற பலகை அது. உங்க லாட்ஜுல மத்த ரூம்காரங்க சண்டைக்கு வர்றாங்களா? நான் சொல்லிடறேன்.

உள்ள வாங்களேன். கதவு அப்படியே இருக்கட்டும். தாழ்ப்பாள் போடறேன் அக்கா, கொஞ்சம் போகட்டும். பயமில்லாம என்ன, புது இடம். இருந்தாலும் இப்ப வேணாம்.

குட்டி இப்பதான் கண்ணசந்தா. அப்பா எப்ப வருவாரு, அப்பா எப்ப வருவாருன்னு ஒரே நச்சரிப்பு. என்னத்த சொல்றது.

டிரைவர் சாப்பிடலையா? கீழ டிரைவருங்களுக்குக் கட்டில் இருக்குன்னு சொல்லியுமா? வண்டியிலயே படுத்துக்கறேன்னாரா. ம். அப்படித்தான் சொல்லுவாரு.

தங்கச்சி வீட்டுக்குப் போற வழி அக்கா. ரோட்டோரமா ஒரு போர் விமானம், மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது. மியூசியமாம். குட்டி விடுவாளா? எனக்கு இறங்கவே இஷ்டமில்ல. அவருதான் காலரைச் சரி பண்ணிக்கிட்டு, என்னமோ மாமியார் வீட்டுக்குப் போறாப்ல முன்னாடி போனாரு. டிரைவர்தான். ராணுவ விமானத்தளத்துல வேலை அவருக்கு. பைலட்டா? அட நீங்க வேற. ரன்வேயில பறவை விரட்டுறவரு. விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி ஜீப்புல போயி, பலகை தட்டி, வெடி போட்டு, பறவைங்களைக் கலைக்கணும். சிரிப்பு வருதுல்ல? சிரிங்க, பரவாயில்ல. எங்க அண்ணன் காக்கா ஆபீசர்னுதான் கூப்பிடுவான்.

உள்ள பெரிய கொட்டகை. எண்ணெய் வாசனை. கயிறு கட்டின விமானங்களைச் சுத்திச் சுத்தி ஜனங்க. ஒரு மூலையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பறவை மோதிக் கசங்கிப்போன எஞ்சின் இறக்கை, பக்கத்துல ஒரே ஒரு பறவை இறகு. எல்லாரும் அதைத் தாண்டிப் போறாங்க. அவரு மட்டும் அங்கேயே நின்னுட்டாரு. குட்டியைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, பறவை எப்படி வரும், எப்படி விரட்டணும்னு கையை விரிச்சு, கா கான்னு கத்திக் காட்டுறாரு. நாலஞ்சு பேரு கூடிட்டாங்க. அந்த முகத்துல அப்படியொரு பிரகாசம்.

அப்பத்தான் அவ வந்து நின்னா. எங்க கான்வென்ட்ல முதல் பெஞ்ச்காரி. ஷூ லேஸ் கட்டினாக்கூட சிஸ்டர்கிட்ட சபாஷ் வாங்குறவ. அவ வீட்டுக்காரர் நெசமாவே விமானம் ஓட்டுறவரு, யூனிஃபார்ம்ல கூடவே நிக்கிறாரு. யாருடி அந்தக் காக்கா கோமாளின்னு இங்கிலீஷ்ல கேட்டா. நான் டிரைவர்னு சொன்னேன்.

ஆமா. அதுல என்ன தப்புன்னு கேக்கறீங்க.

குட்டியோட அப்பா அக்கா அவரு.

கான்வென்ட் வாய், பொய்யைக்கூட இங்கிலீஷ்ல சொல்லுச்சு. அவருக்குப் புரியாதுன்னு ஒரு நெனப்பு. டிரைவர்ங்கிறது எந்த பாஷையில சொன்னாலும் டிரைவர்தானே. விரிச்ச கையை மெதுவா மடக்கிக்கிட்டாரு. குட்டி அவரு தலைமுடியைப் பிடிச்சு, அப்பா மறுபடியும் கத்துப்பாங்குறா. அந்த முதல் பெஞ்ச்காரி என்னைப் பாக்குறா. அவருதான் சொன்னாரு. அப்பா ஊர்ல இருக்காரு பாப்பா, வந்துடுவாருன்னு.

என் மானத்தைக் காப்பாத்துறாராம். அதோட விட்டாரா, ஓடிப்போயி வண்டியோட பின் கதவைத் திறந்து, ஏறுங்க மேடம்னாரு. ஏறிட்டேன் அக்கா. அவ கையாட்டிக்கிட்டு நிக்கிறா, சரி. அவ கண்ணுக்கு மறைஞ்சப்புறமாவது முன்னாடி போயி உக்காந்திருக்கலாம்ல? உக்காரலையே. கண்ணாடியை மேல பாக்கத் திருப்பி வச்சுக்கிட்டாரு, என் மூஞ்சி தெரியாம. இங்க வந்து டிரைவரான்னு நீங்க கேட்டீங்க. ஆமான்னு மறுபடியும் தலையாட்டினேன்.

டக் டக். கேட்டீங்களா? வேலை முடிஞ்சு வந்தா தெருமுனையில இப்படித்தான் தட்டுவாரு. அப்பா வந்துட்டேன்னு அர்த்தம். இவ பிச்சுக்கிட்டு ஓடுவா. எனக்காகத் தட்டல அக்கா, இவளுக்காக.

நீங்க கூப்பிட வேணாம். நீங்க கூப்பிட்டா டிரைவராத்தான் வருவாரு. இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க, நானே போறேன். செருப்பு எங்க கிடக்கு? கிடக்கட்டும்.

வந்துட்டோம் அக்கா. இவருதான் என் வீட்டுக்காரர். பறவை விரட்டுறவரு. ஏங்க, அவங்ககிட்ட சொல்லிட்டேன், நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன். இல்ல, பேச மாட்டாரு. இன்னைக்குப் பேச மாட்டாரு. அது நியாயம்தான். குட்டி, முழிச்சுட்டியாடி? ஆமா, அப்பாதான். ஊருக்கெல்லாம் போகலடி. அம்மாதான் பொய் சொன்னேன்.

நீங்க போயிப் படுங்க அக்கா. இனிமே சத்தம் வராது. இந்தச் சத்தமா? இது ஒண்ணுமில்ல அக்கா, தாழ்ப்பாள். அவருதான் போடறாரு.